தங்கச்சியின் நிமிர்ந்த முதுகு

பத்தாங் காலி
9.2.2025

அன்புள்ள தங்கச்சி அன்பரசிக்கு,

அக்கா கண்மணி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

உன் மகன் தனேஷ் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, குளியலறையில் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். முதுகில் சுளீரென்றது. தைலம் தேய்த்தும் குறையவில்லை. என் மகன் செல்வா பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அதற்கு முன்பே வேறு இரண்டு கணு நசுங்கிப்போயிருந்ததாம். வயசானால் கூன் விழும் என்று நான்தான் இருந்துவிட்டேன். எலும்பு மெலிவு நோய். உள்ளே ரொட்டி மாதிரி பொந்து பொந்தாகிவிடுமாம். உடைகிறவரை வலியே தெரியாதாம்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா அம்மா?" என்று கேட்டார். ஒரு தங்கச்சி என்றேன். நம் அம்மா தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து, அப்புறம் எழுந்திருக்காததைச் சொன்னேன். நாற்பது வயதில் உனக்குக் கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்ததையும் சொன்னேன். "அப்படின்னா அவங்களும் கண்டிப்பா எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

போய்ப் பார்த்துவிடு. ஸூம்பா நடனம் ஆடுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. உன் வீட்டுக்காரர் பாலன் தம்பியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
கண்மணி


கோல சிலாங்கூர்
21.2.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் முதுகைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். தோட்டத்தில் ரப்பர் பால் வாளி சுமந்து சுமந்து வந்த வினை அது. அதற்கு நான் என்ன பண்ணட்டும்?

நேராகவே கேட்கிறேன். கல்யாணத்தில் படம் எடுக்க வந்தவன் உன்னைக் காட்டி, "பாட்டிய நடுவுல உட்கார வைங்க லா, மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல நிக்கட்டும்" என்றானே, அது உனக்குத் தைத்துவிட்டது. நான் சிரித்திருக்கக் கூடாதுதான். அதற்காக எனக்கும் ஒரு வியாதி வரட்டும் என்று நினைப்பாயா?

சின்ன வயசிலிருந்தே உனக்கு இதுதான். எனக்குப் புதுப் பாவாடை வந்தால் உனக்குக் காய்ச்சல் வரும். நான் மூன்றாம் படிவப் பரீட்சையில் தேறியபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், நீ மட்டும் விறகு பொறுக்கப் போய்விட்டாய்.

தினம் காலையில் திடலில் ஆடுகிறேன். கூட ஆடுகிற முரியல் டீச்சர், "அன்பரசி முதுகு கமுகு மரம் மாதிரி" என்கிறார். என் எலும்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பரசி


பத்தாங் காலி
2.3.2025

தங்கச்சி,

பொறாமைதான். இல்லை என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

கல்யாணப் படம் வந்ததும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, உன் முதுகைத்தான் பார்த்தேன். விரலால் உன்னை மறைத்துக்கூடப் பார்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்தோம். எனக்கு வாளி வந்தது, உனக்குப் பள்ளிக்கூடப் பை வந்தது. இப்போது இந்த நோயும் எனக்கு மட்டும்தானா? டாக்டர் உன்னைப் பற்றிக் கேட்டபோது, அவளுக்கும் இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது ஓடியதுதான்.

ஆனால் பொறாமைக்காரி சொன்னாலும் நெருப்பு சுடும். வாளி சுமந்ததால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "இல்லம்மா, நடந்து உழைச்சது எலும்புக்கு நல்லதுதான். தீட்டு நின்ன பிறகு எலும்பு தன்னால கரையும். சினைப்பை எடுத்தவங்களுக்கு முன்கூட்டியே ஆரம்பிச்சிடும்" என்றார்.

உன் எலும்பு உன்னிடம் ஒன்றும் சொல்லாது. என்னையும் நம்பாதே, ஸ்கேனை நம்பு. ஒன்றுமில்லை என்று வந்தால் எனக்கு அனுப்பு. அதையும் பார்த்து வயிறெரிந்துகொள்கிறேன்.

கண்மணி


கோல சிலாங்கூர்
18.5.2025

அக்கா,

உன் வாயை அடைக்கத்தான் போனேன். நல்ல எலும்பு என்று எழுதித் தருவார்கள், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உனக்கு அனுப்ப வேண்டும் என்று கடையில் சட்டம்கூடப் பார்த்து வைத்தேன். ஸ்கேன் மேசையில் படுத்திருந்தபோதும் உன் முகம் எப்படிச் சுருங்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அதே நோய். செல்வாவிடம் உன் ஸ்கேனை வாங்கி டாக்டரிடம் காட்டினேன். என் இடுப்பு உன்னுடையதைவிட மோசமாம். இதிலும் நான்தான் ஜெயித்தேன். திருப்தியா?

"இடுப்பு ஒடிஞ்ச பிறகுதான் நிறைய பேர் வருவாங்க. நீங்க எப்படி முன்னாடியே வந்தீங்க?" என்று கேட்டார். "அக்கா சொன்னாங்க" என்றேன். "அக்காவுக்கு உங்க மேல ரொம்பப் பாசம் போல" என்றார். பக்கத்தில் இருந்த பாலன் இருமினார்.

குதிக்கக் கூடாது, இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. நடக்கலாம், நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரலாம். பால், நெத்திலி, காலை வெயில். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்த அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து உன்னைத் திட்டுகிறேன்.

பாலன் குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டார். இருந்தும் குளிக்கப் போகவே பயமாக இருக்கிறது அக்கா. அம்மா கடைசியில் படுத்துக் கிடந்ததுதான் கண்ணில் நிற்கிறது. நீதான் அவளைத் துடைத்து எடுத்தாய். நான் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனேன்.

அன்பரசி


பத்தாங் காலி
25.5.2025

என் கண்ணே அன்பரசி,

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. மறைக்கமாட்டேன். அடுத்த கணம் சத்தம் போட்டுச் செல்வாவைக் கூப்பிட்டேன். "சின்னம்மாவுக்கு என்னம்மா?" என்று பதறி ஓடிவந்தான். "ஒண்ணும் உடையல, ஒண்ணும் உடையல" என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

யோசித்துப் பார். எனக்குத் தெரிந்தபோது முதுகு பாதி மடங்கிவிட்டது. மருந்து இனி உடையாமல் காக்குமாம், மடங்கியதை நிமிர்த்தாதாம். உனக்கு எல்லாம் முழுசாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. நீ மருந்து சாப்பிட்டு, நடந்து, இப்படியே நிமிர்ந்து இருப்பாய். அதற்கும் எனக்குப் பொறாமைதான். இது என்னோடுதான் போகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வா என்னை அங்கே கொண்டுவந்து விடுகிறான். கொஞ்ச நாள் இருப்பேன். சண்டை வந்தால் வரட்டும். நீ குளிக்கப் போகும்போது நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கதவை மட்டும் தாழ் போடாதே.

அக்கா