தலைகீழாக நட்ட மரவள்ளி

6 செப்டம்பர் 1943, திங்கள்

விடியும்வரை மழை. அரிசியில் பாதி கல். எங்கள் வேலிக்கு அப்பால் கல்லூரி ஹாக்கித் திடல் முழுக்கச் சேறு. என் கணவர் அணிச் செயலாளராக இருந்தவரை, மழை விட்டதும் மணல் தூவ ஆள் நிற்கும். இப்போது ஜப்பான்காரர் உத்தரவில் ஒரு கோல் கம்பம் முதல் மறு கோல் கம்பம் வரை மரவள்ளி. பெவிலியனில் மண்வெட்டிகள்.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் ஆட்கள் நட்ட பாதி ஒரு சாண் வளர்ந்துவிட்டது. என் மகன் சேகரன் நட்ட பாதியில் ஒரு துளிர் இல்லை. திடலில் வேலை இருப்பதால்தான் அவனை ரயில்பாதை போடச் சயாமுக்கு அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். முளைக்காவிட்டால்?

7, செவ்வாய்

மண்டோர் வந்து ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"யாரு தம்பி நட்டது? கணு கீழ பாக்குதுலா. எல்லாம் தலைகீழ்."

"வரிசை நேராத்தானே இருக்கு, அண்ணே."

"நேராத்தான் இருக்கு. பந்து உருட்டலாம்."

ஆட்கள் சிரித்தார்கள். இதே திடலில் அணித்தலைவனாக இருந்த என் மகனைப் பார்த்து. எனக்கு முகம் எரிந்தது. மண்ணில் கை வைக்காத குடும்பம் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

பிறகு மண்டோர், தணிந்த குரலில்: "சனிக்கிழமை ஜப்பான் ஆபீசர் வர்றாரு. வேணும்னே கெடுத்ததா நெனச்சா சயாம் லாரிதான்."

8, புதன்

துணி தோய்க்கும் சவர்க்காரம் தீர்ந்தது. சேகரன் குச்சிகளைத் திருப்பி நடுகிறான். சனிக்குள் எப்படி முளைக்கும்? இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"அம்மா, எங்கையாவது ஓடிப்போகவோ?"

"எங்கை?"



11, சனி

நல்ல வெயில். ஆபீசரும் மொழிபெயர்ப்பாளனும் நேரே மொட்டைப் பாதிக்குப் போனார்கள். யார் நட்டது என்று கேள்வி. சேகரன் ஓரடி முன்னே வைத்தான். அதற்குள் நான் வேலிக் கதவைத் திறந்து திடலுக்குள் போய்விட்டேன்.

"நான்தான் நட்டனான். எனக்குத் தோட்டவேலை தெரியாது. பிள்ளை சொல்லச் சொல்லக் கேளாமல் தலைகீழா நட்டுப்போட்டன்."

மண்டோர் உடனே: "ஆமாங்க. பெரியம்மா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆபீசர் சிரித்தார். சேகரன் இன்னும் திருப்பாத ஒரு வரிசையைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க, என்னை மண்டியிட்டுத் திருப்பி நடச் சொன்னார். வெள்ளைச் சேலை. கோணிய குச்சிகளைப் பூட்ஸால் தட்டிக் காட்டினார். நட்டேன். கிளம்பும்போது, வேலையாட்கள் எல்லோரும் இங்கேயே இருக்கட்டும், சயாம் வேண்டாம் என்றார்.

தனக்காக நான் மண்டியிட்டதில் கோபம்; சேகரன் என்னோடு இன்னும் பேசவில்லை. வேலைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறான். திங்கட்கிழமை திடலுக்குப் போவான்.