தாழ்ப்பாளில் ஒரு கை

அன்புள்ள அக்காவுக்கு,

தவறுதான். நீ கவனித்தது சரி. ஒரே இரவுக்குள் ஒரு காயம் ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறாது.

நடந்தது இதுதான். நான் எழுதுகிற சீரியலில், சாப்பாட்டு மேசையில் கணவன் நாயகியை அறைகிறான். அவள் எழுந்து வந்து வாசல் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கதையில் அதற்குப் பிறகு விடியவே இல்லை. எங்களுக்கு வாரக்கணக்காக விடிந்துகொண்டிருக்கிறது. மேக்கப் போடுகிறவரை நாங்கள் பவுடரக்கா என்போம். அவர் தினமும் காலையில் அந்தக் கன்னத்தில் காயத்தைப் புதிதாக வரைய வேண்டும். முதலில் ஊதா. பிறகு அவர் கை தன் போக்கில் ஓரத்தில் கொஞ்சம் பச்சை சேர்த்தது. அப்புறம் மஞ்சள். ஆற வேண்டிய காலத்தில் காயம் ஆறிவிட்டது. கதை அங்கேயே நிற்கிறது. நேற்று சொன்னபோது பவுடரக்கா தலையில் அடித்துக்கொண்டார். “எத்தனை நாளைக்கும்மா ஒரே வீக்கத்தை வரையறது? நிஜமாவே அடிச்சிருந்தாகூட இந்நேரம் ஆறிப்போயிருக்கும்” என்றார்.

இயக்குநர் கவனிக்கவில்லை. எடிட்டர் கவனிக்கவில்லை. நாயகியின் கம்மல் மாறியதையும் திரைச்சீலை மாறியதையும் கண்டுபிடித்துத் தினமும் திட்டுகிற நேயர்களும் கவனிக்கவில்லை. காயத்தின் நிறத்தைப் பற்றிக் கேட்டது நீ ஒருத்திதான்.

உன் செய்தியில் எழுதியிருந்தாய். மஞ்சள் கடைசியிலதான் வரும், அதுவரைக்கும் தொட்டா வலிக்கும், மஞ்சள் வந்துட்டா பவுடர் போட்டு மறைச்சுடலாம் என்று. பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. சீரியலைப் பற்றி எழுதினால் யார் படித்தாலும் சந்தேகம் வராது, இல்லையா?

நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இதைத் தாளில் எழுதுகிறேன். “உங்க அத்தான் என் போனை என்னைவிட அதிகமா பார்க்கிறார்டி” என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னாயே, அதனால். நீ வேலை பார்க்கிற பல் மருத்துவமனை முகவரி என்னிடம் இருக்கிறது. வரவேற்பு மேசைக்கு, உன் பெயருக்கு அனுப்புகிறேன். பற்பசை விளம்பரத்தோடு விளம்பரமாக வந்து சேரும்.

எப்படி இவ்வளவு மெதுவாகக் கதை போகிறது என்றும் கேட்டிருந்தாய். சொல்கிறேன். சொல்லவே அசிங்கமாக இருக்கிறது.

அவள் கை. மாமியார் முகம். நாத்தனார் முகம். மறுபடி கை. ஒவ்வொரு முகத்தையும் மூன்று திசையிலிருந்து காட்டுவோம், இடிச் சத்தத்தோடு. மழை கிடையாது, செலவு. இடி மட்டும். போன வாரம் மாடிப்படி இறங்கத் தொடங்கிய கணவன் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறான். நடுவில் மின்சாரம் போனது. மாமியாருக்குப் பழைய நினைவுகள் வந்தன. நாத்தனார் ஒரு திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு திரைக்குப் பின்னால் போனாள். இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு அறை. மின்விசிறி, எறும்பு மொய்த்த பிஸ்கட் தட்டு, வெள்ளைப் பலகை. பலகையில் “கதவு?” என்று யாரோ எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது நான் இதைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். ஒரு கணத்தை நாவல் எப்படி விரிக்கிறது என்று. பேராசிரியர் பாராட்டினார். இப்போது விரிக்கிறேன். சம்பளத்துக்கு. பாயை விரிப்பதுபோல. யார் வேண்டுமானாலும் அவள்மேல் ஏறி நடக்கலாம்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அதுதான் குமட்டுகிறது. எல்லோரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவளை எப்போது வெளியே அனுப்பலாம் என்று கேட்டால் சிரிப்பார். “அது வெறும் கதவு இல்லம்மா, நம்ம சோறு. தொறந்தா காத்து வரும், சோறு வராது” என்பார். அறையே சிரிக்கும். அடித்த கணவனாக நடிப்பவர் இன்னும் நல்லவர். ஒவ்வொரு முறை அறைவதற்கு முன்னாலும் நாயகியிடம் மன்னிப்புக் கேட்பார். முடிந்ததும் இருவரும் சேர்ந்து செல்ஃபி எடுப்பார்கள்.

போன வாரம் ஒருநாள் நாயகிக்கு வேறு படப்பிடிப்பு. கை மட்டும் போதும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வளையல் போட்டு, நகத்தில் சாயம் பூசி நிறுத்தினார்கள். நீ பார்த்திருப்பாய். பெரிதாகக் காட்டினார்களே, நரம்பு தெரிய, அது என் கை. “நடுங்கும்மா, இன்னும் கொஞ்சம் நடுங்கு, தொறந்துடாத” என்று இயக்குநர் கத்திக்கொண்டே இருந்தார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், அக்கா. சுண்டு விரல் போதும். அது திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் பலம் வேண்டியிருந்தது. கை நடுங்கியது அதனால்தான், நடிப்பில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தெருவும் இல்லை, இருட்டும் இல்லை. ஒட்டுப்பலகை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லைட்மேன் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா இதை ஒருநாள் விடாமல் பார்க்கிறாள். நேற்றும் போனில் அதே பேச்சு. “பாரேன், எவ்வளவு பொறுமை அந்தப் பொண்ணுக்கு! வாசல்வரைக்கும் வந்தவ வெளிய கால் வைக்கல பாரு. அவ நல்லா இருப்பா” என்றாள். அந்தப் பொறுமையை எழுதியது நான். கல்யாணமான வருஷம் நீ ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாயாமே. அம்மா உனக்குச் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, மறுநாள் அத்தானுக்குப் போன் செய்து வரச்சொன்னாளாம். நான் அப்போது விடுதியில். பெருமையாகச் சொன்னாள், ஏதோ தொலைந்த பொருளை உரியவரிடம் ஒப்படைத்தது போல. நீ அதற்குப் பிறகு எந்தப் பையையும் எடுக்கவில்லை.

அத்தானும் நல்லவர்தான், நாலு பேர் முன்னால். போன தடவை பழக்கூடையோடு வந்து, “என்ன எழுத்தாளரம்மா, உங்க கதையில ஆம்பளைங்க எல்லாரும் வில்லன்தானா? எங்களுக்கும் ஒரு நல்ல சீன் குடுக்கக் கூடாதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சமையலறையில் இருந்தாய். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம்.

உன் கடைசிக் கேள்வி. “அவ தொறந்துடுவாதானே? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், என்கிட்ட மட்டும் சொல்லு. அவ போறதைப் பார்த்துட்டா எனக்கும் ஒரு தெம்பு வந்துடும்.”

திறக்க மாட்டாள்.

நேற்று முடிவு செய்துவிட்டார்கள். தாழ்ப்பாள் பாதி நகரும்போது அவளுக்கு மயக்கம் வரும். கர்ப்பம். கை நழுவும். அடித்தவன் ஓடி வந்து தாங்குவான். மாமியார் பால் காய்ச்சப் போவாள். அந்தப் பாலில் அவள் என்னவோ கலப்பதாகக் காட்டுவோம். சமையலறையிலிருந்து டம்ளர் கட்டிலுக்கு வந்து சேர ஒரு வாரம். நாயகியின் உதட்டருகே வர இன்னொரு வாரம். இன்று மாலைக்குள் இதை நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். அவள் திறக்கிறாள், போகிறாள். அரைப் பக்கம்தான் வந்தது. வசனமே இல்லை. இயக்குநர் படித்துவிட்டு என் தலையைத் தட்டினார். “பிரமாதம். கடைசி எபிசோடுக்கு வச்சுக்கலாம்” என்றார். கடைசி எபிசோடு எப்போது வரும் என்று கேட்டேன். யாரும் பார்க்காதபோது என்றார்.

புரிகிறதா? அவள் எப்போது போவாள் என்று உன்னைப்போல இத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பதால்தான் அவளை நிற்க வைத்திருக்கிறோம். நீங்கள் கொடுக்கிற தெம்பை நாங்கள் விற்றுச் சாப்பிடுகிறோம். உனக்குத் திருப்பித் தர அவளிடம் ஒன்றும் இல்லை. அவளுக்காகக் காத்திருக்காதே, அக்கா. அவளை எனக்குத் தெரியும்.

என் அறையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. சொல்கிறேன். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலுக்குக் கீழே சலவைக்கடை, பகல் முழுக்க இஸ்திரி வாசனை. வீட்டுக்காரம்மாவுக்கு யார் வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று கேட்கிற பழக்கம் இல்லை. இன்னொரு படுக்கை போட்டால் கதவு முழுசாகத் திறக்காது, ஒருக்களித்துத்தான் வர வேண்டும். பழகிவிடும். பல் மருத்துவமனை எல்லா ஊரிலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் வரவேற்பு மேசையில் ஒரு ஆள் வேண்டும்.

நலமாக இரு என்று முடிக்க வந்தேன். எழுதக் கூசுகிறது. நலம் பிறகு வரட்டும். நீ முதலில் வா. துணி வேண்டாம், என்னுடையது உனக்குச் சேரும். அம்மாவிடம் சொல்லாதே. நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வருகையை மட்டும் வேண்டுகிற,
உன் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யோசித்தேன். இது போய்ச் சேர நாலைந்து நாள். நீ பிரிக்க, படிக்க, யோசிக்க, பதில் எழுத. அந்தக் கணவன் இறங்குகிற மாடிப்படியேதான். பால் காட்சியை எழுதவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, உன் ஊருக்குப் போகும் மதியப் பேருந்தில் ஏறி இதை எழுதுகிறேன்.