சீசரின் ஒரு மணி நேர நடை

அப்பா,

நீங்களும் சீசரும் திரும்புவதற்குள் முசிறி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எலுமிச்சை சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

செல்லப்பிராணிகளின் உடற்பயிற்சி பற்றிய என் ஆராய்ச்சிப் படிவத்தில், ‘தினமும் ஒரு மணி நேரம் நாயோடு நடக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமா என்று நான் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாளாக என்னோடு நீங்கள் பேசவில்லை. நேற்று சாயங்காலம் நானே சீசரைக் கூட்டிப்போனேன். அம்மா மண்டபம் ரோடு டீக்கடைக்கு நேராக இழுத்துப்போய், பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டான். கடைக்காரர் கேட்காமலே அவனுக்கு ஒரு பொறை பிஸ்கட் போட்டார்.

“சார் வரலீங்களா? ரெண்டு வடை எடுத்து வச்சிருக்கேனே!”

டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்றது உங்களிடம்தான், சீசரிடம் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. படிவத்தைத் திருத்தி என் மேஜையில் வையுங்கள். அம்மா கோயிலிலிருந்து வருவதற்குள் இந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

கனிஷ்கா

பி.கு.: சீசர் மூன்று கிலோ கூடியிருக்கிறான். நீங்கள் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். ராத்திரி நான் வந்ததும் என்னோடு பேசிவிடுங்கள்.

கனிஷ்கா அம்மா எழுதுறேன்: கோயில்ல ஒரே கூட்டம், சீக்கிரமே திரும்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க, நான், சீசர் மூணு பேரும் நடக்கப் போறோம். பெஞ்சு இல்லாத ரோட்டுல.