ஆறாவது டிக்கெட்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

போனில் பேசினால் நான் "ம்" கொட்டுவதோடு சரி, அதனால் வாரம் ஒரு கடிதம் மின்னஞ்சலில் எழுதியே ஆகவேண்டும் என்று நீ சட்டம் போட்டிருக்கிறாய். இதோ. அப்பாவுக்கும் படித்துக் காட்டு. அவர் நடுவில் எழுந்து போனால் எனக்குச் சொல்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் சுற்றினோம். விடுதிப் பெண்கள் ஆறு பேர், பக்கத்தில் இருக்கும் இரண்டு நகரங்கள். முதல் நகரத்தில் ஆற்றின் மேல் எத்தனை பாலம் உண்டோ அத்தனையிலும், 'நெட்டை' என்று நாங்கள் கூப்பிடும் தோழி எங்களை நடக்க வைத்தாள். புதுச் செருப்பு கடித்துக் குதிகால் புண். ஒரு பழைய கோபுரத்தில் ஏறினோம். மேலே அடித்த காற்றில் எல்லோர் தலையும் பேய்த் தலை. தங்கியது அடுக்குக் கட்டில் போட்ட ஒரே அறையில். உன்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சரின் மகளுக்கு இங்கே 'கடிகாரம்' என்று பெயர். விடிந்ததும் தொடங்கிவிட்டாள்: "ஏழரை ஆச்சு, யாரும் எந்திரிக்கலையா? அப்புறம் வண்டி போச்சுன்னு என்னைச் சொல்லாதீங்க." நாங்கள் ஐந்து பேரும் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டோம்.

இரண்டாவது நகரம் கடலோரம். அதுவும் நன்றாக இருந்தது. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

உன் மகள்

மார்ச் 6

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுந்து போகவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அதற்கு முன் கோபுரப் படத்தைப் பார்த்து "இளைச்சுட்டா" என்றார். நீ இளைக்கவில்லை. புண்ணுக்கு மருந்து போட்டாயா?

கணக்கு டீச்சர் இன்று ஸ்டாஃப் ரூமில் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார். "என் பொண்ணுக்குப் போற வழியில உடம்பு முடியாம போச்சாம் டீச்சர். உங்க பொண்ணு கூடவே இறங்கி, தண்ணி வாங்கிக் குடுத்து, திரும்புற வண்டியில ஏத்திவிட்டிருக்கா. நீங்க அன்னிக்குச் சொன்னதை நம்பாம நான் எப்படி அழுதேன்!" பாராட்டு மணி அடிக்கும் வரை நடந்தது. ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு தட்டைக் கழுவி வைத்தாலே ஊரைக் கூட்டுகிறவள் நீ. செய்த உபகாரத்தை மறைப்பது எப்போதிருந்து? கடலைப் பார்த்தால் பத்து நாள் அதையே பேசுவாய். இந்த முறை கடலுக்கு ஒரே வரி. அவளை ஏற்றிவிட்டு அடுத்த வண்டியில் நீ போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படித்தானா? தப்பாக நினைக்காதே. இத்தனை வருஷம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நின்றவளுக்குச் சந்தேகம் தொழில் புத்தி.

அம்மா

மார்ச் 9

அம்மா,

புண் ஆறிவிட்டது. உன் கடிதம் பரீட்சை வினாத்தாள் மாதிரி இருந்தது. அவள் தன் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உடம்பு சரியில்லை, திரும்பிப் போனாள். அவ்வளவுதான். எனக்குப் படிக்க நிறைய இருக்கிறது. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் மகள்

மார்ச் 11

அன்புள்ள மகளுக்கு,

சரி, இனி கேட்கவில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். கணவர் போன பிறகு அந்தப் பெண்ணைப் பக்கத்து ஊருக்குக்கூடத் தனியாக அனுப்பாதவர் டீச்சர். "என் பொண்ணு அங்க இருக்கா, பாத்துக்குவா" என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவளை விமானம் ஏற்றச் சம்மதித்தார். நேற்று எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். பாதியை அப்படியே மூடி வைத்தேன்.

அம்மா

மார்ச் 14

அம்மா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரு குழு டிக்கெட்டை நெட்டை வாங்கினாள். குழு டிக்கெட் என்றால் இங்கே ஐந்து பேருக்குத்தான். ஆறாவது டிக்கெட்டை இயந்திரத்தில் தனியாக எடுக்க வேண்டியது நான்; நானே எடுப்பதாகக் கடிகாரத்திடம் மட்டும் சொல்லியிருந்தேன். அங்கே வரிசை நீளம். வண்டி நிற்கிறது. கடிகாரம் நடைமேடையில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று ஓடி ஏறிவிட்டேன். "எடுத்தாச்சா?" என்று அவள்தான் கேட்டாள். "எடுத்தாச்சு" என்றேன்.

பரிசோதகர் வந்தார். நெட்டை குழு டிக்கெட்டைக் காட்டினாள். "இது ஐந்து பேருக்கு. ஆறாவது ஆள் யார்?" என்று கேட்டார். எல்லோரும் உன் டீச்சர் மகளைப் பார்த்தோம். கடைசியாக எங்களோடு சேர்ந்தவள் அவள். மற்றவர்களுக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது, நான் சொன்னதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாவது ஆள் என்றதும் அவர்கள் கண் தானாக அவளிடம் போயிற்று. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் திரும்பியது என் தலைதான்.

அவளும் என்னைப் பார்த்தாள். டிக்கெட்டை எடுத்து நீட்டுவேன் என்று காத்திருந்தாள். நான் கைப்பையைத் திறந்து தேடுவதுபோல் நடித்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னிடம்தான் டிக்கெட் இல்லை என்று அவரிடம் சொன்னாள்.

எனக்கு அபராதத்துக்குப் பயமில்லை அம்மா. "எடுத்தாச்சு" என்று நான் சொன்னது பொய் என்று அந்த நான்கு பேருக்கும் தெரிந்துவிடுமே, அதற்குத்தான் பயந்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு.

அடுத்த ஸ்டேஷனில் அவர் அவளை இறக்கினார். கதவு மூடும்போது நெட்டை, "அடுத்த வண்டியில வந்துடு, நாங்க பீச்சுல இருப்போம்!" என்று கத்தினாள். அவள் தலையாட்டினாள். வண்டி நகர்ந்ததும் ஒருத்தி, "கடிகாரம் நின்னு போச்சுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் வரவில்லை. அங்கிருந்தே விடுதிக்குத் திரும்பிவிட்டாள். நான் ஒரு தடவைகூட போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அலையில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

நான் இறங்கி உதவியதாக அவள் ஏன் சொன்னாள்? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் மகள்

மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்கிறாய். உனக்காக இல்லை. நடந்தது தெரிந்தால் அவள் அம்மா இனித் தூங்க மாட்டார். தன் பெண்ணுக்கு அங்கே ஒருத்தி துணையிருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அவருக்குப் பொழுது போகிறது. அது கலையாமல் இருக்கட்டும் என்று, உனக்கு இல்லாத நல்ல குணத்தை அந்தப் பெண் உனக்குக் கொடுத்திருக்கிறாள்.

டீச்சரிடம் சொல்லிவிடுவது என்று இன்று போனேன். "டீச்சர், ஒரு நிமிஷம்" என்றேன். விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன டீச்சர், மூஞ்சி வாடிக் கிடக்கு? பொண்ணு ஞாபகமா? விடுங்க, அவ தங்கம்" என்றார். சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ கைப்பைக்குள் தேடினாய், நான் சாக்பீஸ் கேட்டேன். இந்த வாயால் உன்னை எப்படித் திட்டுவது?

ஆனாலும் சொல்கிறேன். அவளிடம் போய்ச் சொல். தனியாக இல்லை, அந்த நான்கு பேரும் இருக்கும்போது. அவர்களுக்கு எதிரில்தான் அவளைக் கைவிட்டாய். சொல்லும்போது அழாதே. அழுதால் அவள்தான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவள் தலையில் கட்டாதே.

நீ சொன்ன பிறகு நான் டீச்சரிடம் சொல்கிறேன். இது என் வாக்கும் போன விஷயம்.

அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன். விடுதிச் சமையலறையில், எல்லோரும் இருக்கும்போது. அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "டிக்கெட் எடுக்காதது நான்தான், தெரிஞ்சேதான் இவளைப் பார்த்தேன்" என்றேன். நெட்டை, "அடிப்பாவி" என்றாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்கக்கூட ஒருத்தியும் எழவில்லை.

அவள் குழாயை மூடினாள். "நீ பையில தேடினப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "சொன்னது நல்லது. ஆனா இனிமே என்னை எங்கயும் கூப்பிடாத." சரி என்றேன். அழவில்லை.

மாடிப்படி ஏறும்போது பின்னால் வந்தாள். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அவள் கேட்க வந்தது வேறு. "எங்கம்மாகிட்ட யாரும் சொல்லக் கூடாது. உங்கம்மாவும்தான். தெரிஞ்சா அடுத்த ஃப்ளைட்ல கிளம்பி வான்னு சொல்லிடுவாங்க. நான் படிப்பை முடிக்கணும். அதுவரைக்கும் நீ எனக்கு நல்ல ஃப்ரெண்டு. அங்க மட்டும்."

அதனால் நீ சொல்லக் கூடாது அம்மா. டீச்சர் என்னைப் புகழ்ந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை உன்னிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்பது அவள்.

உன் மகள்

மார்ச் 22

அன்புள்ள மகளுக்கு,

சரி என்று அவளிடம் சொல்.

நம் பள்ளிக்குப் புதிதாக ஒரு தமிழ் டீச்சர் மாற்றலாகி வந்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கணக்கு டீச்சர் அவருக்கு என்னை அறிமுகம் செய்தார். வேதியியல் டீச்சர் என்று சொல்லவில்லை. "இவங்க பொண்ணு கூட இருக்காளேங்கிற தைரியத்துலதான் என் பொண்ணை அவ்வளவு தூரம் விட்டிருக்கேன்" என்றார். வந்தவர் என்னைப் பார்த்து, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். "ஆமாம்" என்றேன். பிறகு கணக்கு டீச்சர் திரும்பவும் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததிலிருந்து தொடங்கினார். நான் எழுந்து போகவில்லை. முழுவதும் கேட்டேன்.

உங்கள் படிப்பு முடியும் வரை அவர் சொல்வார், நான் கேட்பேன். மேஜையை மாற்றித் தரச் சொல்லி ஹெச்.எம்.மிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கேட்க மாட்டேன்.

விடுமுறைக்கு நீ வரும்போது உன்னைப் பார்க்க டீச்சர் நம் வீட்டுக்கே வருவார். கட்டிக்கொள்வார். விலகாதே. அவராக விடும்வரை நின்றுகொண்டிரு.

அம்மா