பலவீனம் பக்கம் ஒட்டிய சீட்டு

12 ஜூன் 2025, வியாழன்

மதுராந்தகம் தாண்டித்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செய்யூர் மையத்துக்குப் போனால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கண்ணகி பக்கத்து வீட்டில் குடம் வாங்கி வந்து தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். இரண்டாம் வருஷ பொருளியல் மாணவி அவள். பகலெல்லாம் செருப்புக் கம்பெனியில் நிற்கிறாள், சாயங்காலம் இங்கே வந்து குடம் தூக்குகிறாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை. ‘தொலைநோக்கு 2040’. அடுத்த பதினைந்து வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போடப் போகிறார்களாம். மாமல்லபுரத்தில் கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு நாள். செய்யூர் மாலைநேர மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று எனக்கும் அழைப்பு. திட்டக்குழுத் தலைவர் டீன் ஜெகதீசன். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பட்டுப்புடவை கட்டலாமா, காட்டனே போதுமா?

21 ஜூன், சனி

எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

ஏசி ஹால். கடல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஆளுக்கொரு பேனா, கலர் கலராய் ஒட்டும் சீட்டு. சுவரில் நாலு பலகை. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். மனசில் பட்டதை எழுதி ஒட்டுங்கள் என்றார்கள். நான் ஒரு பிங்க் சீட்டில் எழுதினேன்: ‘செய்யூர் மையம். வேலைக்குப் போகிற பெண்கள் பட்டம் வாங்குகிற ஒரே இடம்.’ பலம் பலகையில் ஒட்டினேன்.

ஜெகதீசன் மைக்கோடு ஒவ்வொரு சீட்டாய்ப் படித்துக்கொண்டே வந்தார். என் சீட்டைப் படிக்கவில்லை. பிய்த்தார். அடுத்த பலகைக்குப் போய்ப் பலவீனத்தில் ஒட்டினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சட்டையில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிடுகிற மாதிரி.

“சார், அது பலம்னு ஒட்டினேன்” என்றேன்.

“விஜயகுமாரி மேடம் கொஞ்சம் சென்டிமென்ட். கடைசி பஸ் போயிடும்னு பாடத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுற இடம் அது. இதைப் போய் பலம்னா எப்படி?” என்றார். ஹாலே சிரித்தது. துணைவேந்தர் உட்பட.

நானும் சிரிச்சேன். அதுதான் தாங்கல. ஏன்டி சிரிச்ச? அவன் உன்னை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தறான், நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற.

மதியச் சாப்பாட்டில் மீன் வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.” தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன். இந்த ஆளை விடமாட்டேன். எப்படின்னு தெரியல, ஆனா விடமாட்டேன்.

22 ஜூன்

இரண்டாம் நாள் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

19 ஜூலை, சனி

திட்டம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில், பளபளவென்று. படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. ‘புற அலகுகளின் பகுத்தறிவாக்கம்’ என்கிற மாதிரி ஏதோ. மூன்றாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. செய்யூரை மூடுகிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில் கோவளம் பக்கம் புது வளாகம். நம் பெண்கள் செங்கல்பட்டுக்குப் பகல் வகுப்புக்கு வர வேண்டும். வர முடியாதவர்கள் பாதியில் நிற்பார்களே, அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அக்செப்டபிள் அட்ரிஷன். நின்றால் பரவாயில்லை என்று அர்த்தம். கண்ணகி நின்றால் பரவாயில்லை.

ஆசிரியர் சங்கத்தில் நாலு பேரிடம் கேட்டேன். படித்தீர்களா என்றால், “நல்லா வந்திருக்கு மேடம், லேஅவுட் பிரமாதம்” என்கிறார்கள். ஒருத்தருக்கும் புரியவில்லை. புரியக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு? விட்டுத் தொலைம்மா” என்றார். மோகனுக்கு எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான்.

4 ஆகஸ்ட், திங்கள்

கடவுள் இருக்கிறார்.

ஜெகதீசனே போன் பண்ணினார். ஆட்சிக்குழுவில் யாரோ ஒரு உறுப்பினர், திட்டம் தமிழில் இல்லாமல் ஒப்புதல் கிடையாது, மக்கள் முன்னால் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாம். “உங்களுக்குத்தான் தமிழ் தண்ணி மாதிரி வருமே மேடம். கொஞ்சம் கனமா, கம்பீரமா போட்டுக் கொடுத்துடுங்க.”

“அதுக்கென்ன சார், செஞ்சுட்டா போச்சு” என்றேன். என் குரல் எனக்கே தேன் மாதிரி இருந்தது.

16 ஆகஸ்ட்

கனமாகத்தானே கேட்டான்? கனமான தமிழ் எனக்கு வராதா என்ன. ‘மறுசீரமைப்பு’, ‘ஒருங்கிணைவு’, ‘வளப் பயன்பாட்டு உகப்பாக்கம்’. அப்படிப் போட்டால் இங்கிலீஷைவிட மோசமாகப் பொத்தி வைக்கலாம். அப்படிப் போடவே மாட்டேன். கண்ணகிக்குப் புரிகிற தமிழில் போடுகிறேன். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். அவன் எழுதியதை அவன் எழுதியபடியே. நாளைக்கு எவனும் என்னைக் கைநீட்டிக் குற்றம் சொல்ல முடியாது.

27 ஆகஸ்ட், புதன்

அனுப்பினேன். அரை மணியில் பதில். ‘பாத்தாச்சு மேடம், சூப்பர், பிரிண்ட் போடுங்க.’

பார்க்கவில்லை. அந்த ஆள் தமிழில் எது வந்தாலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், கையெழுத்து. இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். தமிழில் படித்தால் தூக்கம் வருது மேடம் என்று சிரிப்பார். தமிழ்தானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

மேடையில் படிப்பதற்காக அவருக்கு மட்டும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டாம் பாருங்கள். அவ்வளவு அக்கறை எனக்கு.

3 செப்டம்பர்

கூட்டம் எங்கே தெரியுமா? செய்யூரில்! நம்ம மைய வாசலில்! “கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தா போட்டோ நல்லா வரும்” என்றாராம். இந்த இடத்தை நான் சொல்லவே இல்லை, அவரே கேட்டார்.

13 செப்டம்பர், சனி

இன்றைக்குச் சாப்பிட்ட சோறுதான் சோறு.

பந்தல், நாற்காலி, மாலை. மாணவிகள், அவர்கள் வீட்டு ஆட்கள், ஊர்ப் பெரியவர்கள், துணைவேந்தர், ஆட்சிக்குழு ஆட்கள் இரண்டு பேர். கண்ணகி புருஷன் எல்லப்பன் ஷேர் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து நின்றான். நான் படிக்கட்டுமா சார் என்று மரியாதைக்குக் கேட்டேன். “வேணாம் மேடம், நானே படிக்கிறேன்” என்று மைக்கைப் பிடுங்கினார். மைக் என்றால் உயிர்.

முதல் பக்கம் மாணவர் நலன், உலகத் தரம். கைதட்டல். குரல் ஏறியது. மூன்றாம் பக்கம். நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு படித்தார்:

“செய்யூர் மையத்தை மூடுவோம். அதன் நிலத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவோம். இங்கே படிப்பவர்கள் பகல் வகுப்புக்குச் செங்கல்பட்டு வர வேண்டும். வர முடியாதவர்கள் படிப்பை நிறுத்துவார்கள். அதனால் பல்கலைக்கழகத்துக்கு நட்டம் இல்லை.”

நட்டம் இல்லை என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்கு நிறுத்தினார்! நிஜமாக நிறுத்தினார். அப்புறம்தான் காகிதத்தைத் திரும்பக் குனிந்து பார்த்தார்.

கண்ணகி எழுந்தாள். “சார், இப்ப இன்னா சொன்னீங்க? இன்னொரு வாட்டி படிங்க.”

“அது வந்தும்மா, அது ஒரு ஸ்ட்ராட்டஜி...”

“அதெல்லாம் வேணாம் சார். எழுதிக்கீதுல்ல, அதைப் படிங்க. எங்க வூட்டாளும் கேக்கட்டும். நாங்க நின்னுட்டா நட்டம் இல்லியா?”

ஆட்சிக்குழு உறுப்பினரும் படியுங்கள் என்றார். படித்தார். இந்த முறை குரலே இல்லை. பின்னாலிருந்து எல்லப்பன், “யோவ், எவன்யா இத எழுதுனது?” என்று கத்தினான். அட்டையில் பேர் போட்டிருக்கிறது, படத்தோடு. அப்புறம் ஒரே அமளி. துணைவேந்தர் போட்டோ எடுக்காமலே காரில் ஏறினார்.

ஜெகதீசன் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்காமலே திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்க்காத ஆள் இன்றைக்குப் பார்த்தார். பாவமாக இருந்ததா? இல்ல. எதுக்குப் பொய் சொல்லணும்? குளுகுளுன்னு இருந்துச்சு.

24 செப்டம்பர்

விசாரணை. நான் வேண்டுமென்றே திரித்து மொழிபெயர்த்தேன் என்று ஜெகதீசன் புகார். விசாரிக்க ஆராவமுதன் சார், ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். ஆங்கிலம், தமிழ் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மொழிபெயர்ப்பு சரியாத்தாம்மா இருக்கு. அவரோட தொந்தரவே அதான்.”

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். “வேணும்னேதானே பண்ணினே?” என்றார். ஆமாம் சார் என்றேன்.

18 அக்டோபர், சனி

ஆட்சிக்குழு முடிவு. செய்யூர் பற்றிய பகுதி முழுசாக நீக்கம். மையம் நீடிக்கும். கண்ணகிக்குப் போன் பண்ணினேன். கம்பெனி இரைச்சலில் முதலில் கேட்கவில்லை. கேட்டதும், “மேடம், அப்ப மோட்டார் ரிப்பேர் பண்ணுவாங்களா?” என்றாள்.

ஜெகதீசனிடமிருந்து டீன் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். மோகனிடம் சொல்லி ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னேன்.

30 அக்டோபர், வியாழன்

ஜாங்கிரி நெஞ்சைக் கரிக்கிறது.

மாறுதல் ஆணை வந்திருக்கிறது. பேராசிரியர் ஜெகதீசன், நிர்வாகக் காரணங்களுக்காக, செய்யூர் மையத்துக்கு இயக்குநர். எனக்கு மேலே! மோகன் விழுந்து விழுந்து சிரித்து இருமல் வந்துவிட்டது.

மேலே உட்காரட்டும், அது போகட்டும். என்னைக் குத்துவது அது இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், “ஆளைச் செய்யூருக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. நல்ல தண்டனை.” என்கிட்டயே சொல்றாங்க. நான் பதினோரு வருஷமா இருக்கேனே, எனக்கு எந்தக் குத்தத்துக்கு? நான் கேட்டு வாங்கிக்கிட்ட இடம்டா அது. அந்தச் சீட்டை அவன் மட்டுமா பிய்த்தான்? எல்லார் மனசிலும் அது பலவீனம் பலகையில்தான் ஒட்டியிருக்கிறது.

3 நவம்பர், திங்கள்

வந்தார். மழை. கால்சட்டை முழங்கால் வரை சேறு. கார் ஓட்டத் தெரியாதாம். இத்தனை வருஷம் பல்கலைக்கழக வண்டி, பல்கலைக்கழக டிரைவர். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

இயக்குநரானாலும் வகுப்பு எடுத்தாக வேண்டும். கால அட்டவணை போடுவது நான். கண்ணகி வகுப்புக்கு அவர் பாடமான பொருளியல், வாரம் முழுக்க, கடைசி மணி. கடைசி பஸ்ஸை ஒட்டி.

“பஸ் கிடைக்குமா மேடம்?” என்றார்.

“பாடத்தைப் பாதியில விட்டுட்டு ஓடினா கிடைக்கும் சார்.”

இதைச் சொல்ல ஜூன் மாசத்திலிருந்து காத்திருந்திருக்கிறேன்.

14 நவம்பர், வெள்ளி

இன்றைக்கும் பஸ்ஸில் நான் மட்டும்தான். கண்டக்டர், “இன்னாம்மா, சார் வரலியா? வெயிட் பண்ணட்டா?” என்றார். வேண்டாம், போங்கள் என்றேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன், வகுப்பில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போர்டில் ஏதோ வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூடப் பாதியில் விடவில்லை. முடித்துவிட்டு எல்லப்பன் ஆட்டோவில் மதுராந்தகம் போய் ரயில் பிடிக்கிறாராம்.

சாயங்காலம் வகுப்பு தொடங்கும் முன்னாலேயே கண்ணகியிடம் கேட்டிருந்தேன், எப்படி நடத்துகிறார் என்று. மோசம் என்று சொல்வாள் என நினைத்துத்தான் கேட்டேன். “நல்லா புரியுது மேடம். புரியலேன்னா வுட மாட்டன்றாரு. ஆனா பாவம், தெனைக்கும் பஸ்ஸ வுட்டுட்றாரு. நீங்க கொஞ்சம் முன்னாடி மணிக்கு மாத்தி வுடலாம்ல?”

மாற்றலாம். என் தமிழ் வகுப்பைக் கடைசிக்குத் தள்ளினால் போதும், ஐந்து நிமிஷ வேலை.

மாற்றத்தான் வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.