தாய்வீட்டு வாய்க்காலைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

அன்பு மச்சான் கன்னியப்பனுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்துவிட்டு, இப்போது பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் பார்.

முதலில் ஊர்ச் சேதி. உன் வீட்டுக்காரி அஞ்சலைக்கு உடம்பு பரவாயில்லை. ரேஷன் அரிசிக்குக் காலையிலேயே போய் நிற்கிறது, நின்றாலும் பாதி நாள் வெறும் பையோடு திரும்பி வருகிறது. சிதம்பரம் கடைத்தெருவில் நைலான் வலை வந்து தொங்குகிறது. உங்கள் ஜனங்களில் இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் உன்னைப் போலத்தான், பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இனி மறைத்துப் பயனில்லை. தாய்வீட்டு வாய்க்காலின் முகப்பு மரங்களை வெட்டிவிட்டார்கள், மச்சான்.

இந்த முறையாவது எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டுக்குள் எத்தனையோ வாய்க்கால். எல்லாவற்றிலும் உங்கள் ஜனங்கள் இறங்குவார்கள், அந்த ஒன்றைத் தவிர. அங்கேதான் நீர்நாய் குட்டி போடும். வக்காவும் கொக்கும் அங்கேதான் முட்டை வைக்கும். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் இருக்கும் வீடு மாதிரி அந்த இடத்தை விட்டுவைத்தீர்கள். தாய்வீடு என்றே பெயர் வைத்தீர்கள்.

சீனாச் சண்டை நடந்த வருஷம் நான் இந்தக் காட்டுக்குப் பாரஸ்ட் கார்டாக வந்தேன். கடலோரப் பரங்கிப்பேட்டைக்காரன் என்றுதான் பெயர், தோணியில் ஏறினால் கால் நடுங்கும். நீதான் துடுப்புப் போட்டாய். ஒரு நாள் அந்த வாய்க்கால் முகப்பில் தோணியை நிறுத்திவிட்டாய். உள்ளே போகலாம் என்று நான் யூனிபாரம் போட்ட திமிரில் சொன்னேன்.

"சர்க்கார் சட்டையெல்லாம் இங்க செல்லாது மச்சான். புள்ள பெத்துக்க வந்த வூட்டுல போயி வலை போடுவாங்களா?" என்றாய்.

"அப்ப உங்களுக்கு மீன்?"

"அங்க பொறக்கறதுதானே வெளிய வருது. உள்ள பூந்து கலக்கிட்டா நாம எங்க போயி தடவறது?"

அந்த நாளிலிருந்துதான் எனக்கு நீ மச்சான் ஆனாய்.

அப்புறம் அந்தக் கணக்கெடுப்பு வந்தது. விறகுக்கு மரம் வெட்ட ஏலம் விடும் கூப்புகளைக் குறிக்க வேண்டும், ஒவ்வொரு வாய்க்காலையும் பார்த்து எழுது என்று எனக்கு உத்தரவு. ஜனங்கள் புழங்குகிற இடத்தில் கூப்பு விட்டால் தகராறு வரும், புழங்காத இடமாகப் பார் என்றார்கள். கூடவே ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து கரையில் நின்றார். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "இந்த வாய்க்காலுக்கு நீங்கள்லாம் போறதுண்டா?"

நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய்: "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ஒருத்தன் காலு வெச்சதில்லீங்க."

எவ்வளவு பெருமை உன் முகத்தில்! பட்டம் வாங்குகிறவன் மாதிரி நின்றாய். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எழுதிக்கப்பா" என்றார்.

நான் எழுதினேன். வாய்க்கால் நம்பரைப் போட்டு, அதற்கு எதிரே, 'ஆள் நடமாட்டம் இல்லை' என்று எழுதினேன். அவ்வளவுதான்.

ஏன் நடமாட்டம் இல்லை என்று எழுதவில்லை. கட்டத்தில் இடம் இல்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். நீர்நாய் பிரசவத்துக்கு வருகிற வாய்க்கால் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதினால் ஆபீஸில் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். என்னைவிடக் கோழை இந்த ஜில்லாவில் உண்டா?

அதோடு நின்றிருந்தாலும் போகிறது. ஜீப் போனதும் நீ பக்கத்தில் வந்து, "என்ன எழுதினே, படிச்சிக் காட்டு மச்சான்" என்றாய். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி, நீர்நாயும் பறவைகளும் இங்கே குட்டியும் குஞ்சும் வளர்ப்பதால் ஜனங்கள் தாமாகவே ஒதுங்கியிருக்கிறார்கள், இதை வெட்டக் கூடாது என்று நீளமாக வாசித்தேன். அதில் ஒரு எழுத்துகூடக் காகிதத்தில் இல்லை. நீ சந்தோஷப்பட்டு எனக்கு ஒரு பறி இறால் கொடுத்து அனுப்பினாய். அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் அந்த வாய்க்கால் மரங்களில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். நீ ஓடி வந்தாய். ஆபீஸில் நான் எழுதியதைத் தள்ளிவிட்டார்கள் என்றேன். நீ அதையும் நம்பினாய். ஆனால் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய்: "நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது மச்சான். இப்படி ஒரு எடம் இருக்குன்னே காட்டியிருக்கக் கூடாது. என் வாயாலதான் கெட்டுது." காமாலையில் படுத்த பிறகும் இதையேதான் சொன்னாய். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நான் இருந்தேன். உன் வாயால் இல்லை, என் கையால் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நீ என்னை அடித்திருப்பாயா? மன்னித்திருப்பாயா? எதையும் நான் உனக்கு மிச்சம் வைக்கவில்லை.

வெட்டு ஆடி மாதம் ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து வந்த கூலியாட்களுக்குத் தில்லை மரத்துப் பாலைப் பற்றித் தெரியாது. இரண்டு பேருக்குக் கண்ணில் தெறித்து, வீங்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். ஒரு நீர்நாய் கிள்ளைப் பக்கம் யாரோ ஒருவருடைய குளத்துக்குள் போய்விட்டது. தடியால் அடித்துக் கரையில் போட்டிருந்தார்கள். பால் கொடுக்கிற தாய், மச்சான். குட்டிகள் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

உள் பாதி இன்னும் நிற்கிறது. தை பிறந்தால் அதற்கும் ஏலம். அதனால் போன வாரம், நான் எழுதியது அரைகுறை என்று ஒரு மனு எழுதிக்கொண்டு கடலூர் போனேன். மஞ்சக்குப்பம் ஆபீஸில் குமாஸ்தா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப முன்னாடி தப்பா எழுதினேன்னு நீயே கையெழுத்துப் போட்டுத் தரியா? வேல போயிடும்யா, யோசிச்சிக்க. புள்ளகுட்டிக்காரன்" என்றார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சிதம்பரம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

இறங்கி நேரே அஞ்சலையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வாசிப்பையும் சேர்த்து. அது முறத்தைக் கீழே வைத்தது.

"சாவற அன்னிக்கும் நாக்க அறுத்துக்கலாம் போல இருக்குன்னாரு. கிட்டத்தானே இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

எனக்கு அழுகை வந்தது. அது அழவில்லை.

"மிச்சம் பாதி நிக்குதில்ல? பேப்பர்ல நாங்களும் கைநாட்டு வெக்கறோம். எங்க அண்ணன், தம்பி எல்லாரையும் கூப்புடறேன்."

நான் மனுவை எடுத்துப் பிரித்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்க வாயெடுத்தேன். அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தியது.

"நீங்க படிக்க வேணாம்ணே. தபால்காரர் வரட்டும், அவரு படிக்கட்டும்."

மச்சான், நாளைக் காலை தபால்காரர் உன் வீட்டு வாசலில் நின்று அதைச் சத்தமாகப் படிப்பார். எல்லோரும் கேட்டுக் கைநாட்டு வைத்ததும், என் கையெழுத்தைக் கடைசியில் போட்டு மஞ்சக்குப்பத்தில் கொடுப்பேன். வாங்காவிட்டால் வாங்கும்வரை அந்த வராந்தாவில் நிற்பேன். வேலை போனால் போகட்டும். மிச்ச வாய்க்கால் தப்புமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கெடுத்தது உன் வாய் இல்லை என்று உன் ஜனங்கள் அத்தனை பேருக்கும் நாளைக்குத் தெரியும். இது சத்தியம்.

இல்லாததை உனக்கு வாசித்துக் காட்டிய
உன் மச்சான்,
காதர்