ஆறு பேர் கையெழுத்திட்ட தாள்

ஞாயிறு, 3ஆம் தேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். உன் அறையில் இருக்கும் மற்ற மூன்று நர்ஸ் அக்காக்களும் சேர்ந்து எனக்குப் பதில் சொல்கிறார்கள். இங்கே சுவர் வேறு மெல்லிசு. அதனால் மின்னஞ்சலில் கடிதமாக எழுதுகிறேன். டியூட்டி முடிந்ததும் தனியாக உட்கார்ந்து படி. யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

முதலில், வார்டு முழுக்க மிட்டாய் கொடுப்பதை நிறுத்து. பாப்பாவுக்கு ஏரிக்கரைக் கல்லூரியில் இடம் கிடைத்தது உண்மை. அவள் சேர மாட்டேன் என்கிறாள். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் குளித்துக்கொண்டிருப்பதாக அப்பா சொல்கிறாரே, அது பொய். யாராலும் ஒரு வாரமாகக் குளிக்க முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

பாப்பாவின் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற முப்பத்தேழு பேரும் தங்கள் ரேங்க் ஏறுமா என்று பார்க்கும் கூட்டம். அதில் முதல் ஆறு பேர் மட்டும் ஒழுங்காக இருந்தார்கள், ஒன்றாகப் படித்தார்கள். முதல் ரேங்க், நம் வீட்டுக்கு வருவாளே, பூதக்கண்ணாடி. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பாப்பா இரண்டாவது.

பெரிய கல்லூரிகள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு ஆண்டும் இவர்களைப் போன்றவர்கள் பன்னிரண்டுக்கும் விண்ணப்பிப்பார்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பள்ளியிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஒன்றாக அடுக்கி வைத்து, மார்க்கையும் கட்டுரையையும் பார்த்து மேலே வருவதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக, முதல் ரேங்குக்கு ஏழெட்டு இடம் கிடைக்கும், அதில் ஒன்றில்தான் உட்காருவாள். மூன்றாவது, நான்காவது ரேங்குக்கு ஒன்றுமே இருக்காது. போன வருடம் அவர்கள் பள்ளி ஆய்வகத்தின் தராசைச் சரிபார்க்கப் போனபோது ஒன்பது ஆண்டுச் சேர்க்கைப் பட்டியலை வாங்கி வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். போட்டி எங்கே வீணாகிறது என்று பளிச்சென்று தெரிந்தது.

யோசனை என்னுடையது. ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு கல்லூரி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் பங்கில் மற்றவர் விண்ணப்பிக்கக் கூடாது. நம் முன்னறையில் உட்கார வைத்துப் பாடமே எடுத்தேன். பூதக்கண்ணாடி, "அண்ணா, நீங்க எங்க ஸ்கூலுக்கே பிரின்சிபாலா வந்திருங்க" என்றாள். அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "என்னடா, சொத்துப் பிரிக்கிறீங்களா?" என்று கேட்டார். துண்டுச்சீட்டு எழுதி என் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினோம். யாருக்கு எது என்று ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏரிக்கரைக் கல்லூரி பூதக்கண்ணாடிக்குப் போய்விட்டது.

பாப்பா ஏழாம் வகுப்பிலிருந்து எந்தக் கல்லூரியின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். அந்தச் சீட்டைப் பிரித்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியிடம் பேனாவை நீட்டினாள், "போடுடி கையெழுத்த, மனசு மாறிடப்போகுது" என்று. அன்று சாயங்காலம் அந்தப் படத்தைக் கிழிக்காமல், நான்கு மூலையிலும் நகத்தால் மெதுவாக உரித்து எடுத்தாள்.

அவளுடைய விண்ணப்பங்களை நிரப்பியது நான். தொடர்புக்கு என் மின்னஞ்சல், என் எண். அவள் கட்டுரை எழுதித் தருவாள், நான் ஏற்றுவேன். இரண்டு கல்லூரிக்கு ஏற்றியாயிற்று. மூன்றாவதாக ஏரிக்கரைக்கும் ஏற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கட்டுரையில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. மார்க் அவளுடையது. பொத்தானை அழுத்தியது மட்டும் நான். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: இதை நானே, என் விருப்பத்தின் பேரில் அனுப்புகிறேன் என்று. அதில் டிக் போட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது எடைக்கருவிக்குச் சரிபார்த்தாயிற்று என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். ஒரு டிக் பெரிதாகத் தெரியவில்லை.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முடிவுகள் வந்தன. எனக்கு வந்த அதே நேரத்தில் பள்ளிக்கும் வந்திருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்லலாம் என்று நான் ஒரு கிடங்கில் லாரி எடைமேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோதே, அங்கே பலகையில் ஒட்டிவிட்டார்கள். பாப்பாவின் பெயர், அதற்கு நேரே ஏரிக்கரைக் கல்லூரி. அந்தக் கல்லூரிக்கு அவர்கள் பள்ளியிலிருந்து அந்த ஒரு பெயர்தான்.

ஆறு பேரும் ஒன்றாகத்தான் பார்க்கப் போனார்களாம். பாப்பா, "நான் போடலடி, சத்தியமா போடல" என்றாளாம். ஒரு பையன், "அப்ப பேய் போட்டுச்சா?" என்று கேட்டானாம். பூதக்கண்ணாடி சத்தம் போடவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். அவளுக்கு இன்னொரு பங்கிலும் கிடைக்கவில்லை. மற்ற நான்கு பேரும் தாளில் எழுதியபடியே நடந்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட மீறவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை அம்மா. யாராவது ஒருத்தராவது மீறுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பாப்பா வீட்டுக்கு வந்தாள். ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நீயா?" என்றாள். "ஆமா. வாழ்த்துகள்" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அப்பாவிடம் நியாயம் கேட்டேன். "ஒரு சட்டைக்கு அளவு எடுக்கணும்னாகூட, போடப்போறவன நிக்க வச்சுத்தான்டா எடுப்பேன்" என்றார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

இப்போது நிலைமை இதுதான். அவள் பங்கில் ஒன்று இல்லை என்று வந்துவிட்டது, இன்னொன்று காத்திருப்போர் பட்டியல். கையில் இருப்பது ஏரிக்கரை மட்டும். பதினைந்தாம் தேதிக்குள் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அந்த இடம் பூதக்கண்ணாடிக்கு வராது, எங்கோ முகம் தெரியாத ஒருத்தருக்குப் போகும். இரண்டு பேருக்கும் இல்லாமல் போவதில் யாருக்கு என்ன லாபம்? இந்த எளிய கணக்கு அவளுக்கு ஏறவில்லை. இவள் விண்ணப்பிக்காமல் இருந்தாலும் பூதக்கண்ணாடியை அவர்கள் எடுத்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதையும் கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே மின்விசிறியை வேகமாக வைத்தாள்.

கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நானே அழுத்திவிட முடியும். அழுத்தவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ சொன்னால் கேட்பாள். திட்டியாவது, அழுதாவது சேர வை. என்னை ஆயுசுக்கும் வெறுக்கட்டும், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வெறுக்கட்டும்.

உன் மகன்


சனி, 16ஆம் தேதி

அம்மாவுக்கு,

உன் பதிலைப் படித்தேன். அவளிடம் அரை மணி நேரம் பேசியதாகவும், எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றதாகவும் எழுதியிருந்தாய். அவள் சரிம்மா என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். நீ போய் மூன்று வருடமாகிறது, உனக்கு எப்படித் தெரியும்.

பதினொன்றாம் தேதி நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மறைக்கப் போவதில்லை. வேலைக்குக் கிளம்பும் முன்பு, சாப்பாட்டு மேசையில், அவள் குளியலறையில் இருந்தபோது. கடவுச்சொல்லைப் போட்டேன், திறந்துகொண்டது. அவள் மாற்றவே இல்லை. மாற்ற ஒரு நிமிடம் ஆகாது, இரண்டு வாரம் இருந்தது. பச்சை நிறத்தில் சம்மதம் என்ற பொத்தான் நடுவில் இருந்தது. அழுத்துவதற்குத்தான் திறந்தேன். தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்டதும் மூடிவிட்டேன். திருடன் மாதிரி மூடினேன் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

மறுநாள் காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள். "தப்பு இருந்தா திருத்திக் குடு" என்றாள். அவ்வளவு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சின்ன வயதிலிருந்தே எதை எழுதினாலும் என்னிடம்தான் காட்டுவாள், அந்தப் பழக்கத்தில் வைத்தாளா, என்னைக் கொல்ல வைத்தாளா, தெரியாது.

கல்லூரிக்கு எழுதிய கடிதம். பதினோரு வரி. இந்த விண்ணப்பம் என் சம்மதமில்லாமல், குடும்பத்தில் ஒருவரால் என் பெயரில் அனுப்பப்பட்டது. இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதில்லை என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே இந்த இடத்தை ஏற்க முடியாது. அவ்வளவுதான். எங்கேயும் அழுகை இல்லை. மறுபரிசீலனை செய்து தோழிக்குக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதி, அடித்திருந்தாள். அப்படிக் கேட்டால் பூதக்கண்ணாடிக்கு அவமானம் என்று நினைத்திருப்பாள்.

நான்கு தடவை படித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. 'குடும்பத்தில் ஒருவரால்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே 'என் அண்ணனால்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. விண்ணப்பம் ரத்து. விரும்பினால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம், தங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி, என்று. பள்ளிப் பலகையில் அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்களாம். மற்ற வரிகளைவிட இப்போது அதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறதாம்.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பாப்பா பூதக்கண்ணாடி வீட்டுக்குப் போனாள். நான் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றதற்குப் பேருந்து இருக்கிறது என்றாள். அந்தப் பெண் வாசலுக்கு வந்து, நின்றபடியே படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாளாம். உள்ளே வா என்று சொல்லவில்லையாம். இதைப் பாப்பா அப்பாவிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். காத்திருப்போர் பட்டியலும் நகரவில்லை. திங்கட்கிழமை இங்கே இருக்கிற சாதாரணக் கல்லூரியில் சேர்கிறாள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பாயா என்று அப்பா கேட்டாராம். "யார் நிரப்புவா?" என்றாளாம். விளையாட்டாகச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லடா என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தி எதுவும் எழுதாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன்.

நீ விமானம் ஏறப் போன அன்று, பெட்டியை எடைபோடும் வரிசையில் நின்றபோது என் சட்டைக் காலரை இழுத்துக் காதில் ஒன்று சொன்னாய். "எப்படியாவது அவள ஏரிக்கரைல சேத்துருடா. எப்படின்னு மட்டும் என்கிட்ட சொல்லாத." நினைவிருக்கும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. செய்தது நான், என் புத்தி, என் கை.

பாப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அவளே உன்னைக் கூப்பிடுவாள். அண்ணன் செய்தது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டாலும் கேட்பாள். தெரியாது என்று சொல். ஸ்பீக்கரில் போடாமல், நிதானமாக, தெரியாது என்று மட்டும் சொல்லம்மா. வீட்டில் நம்புவதற்கு அவளுக்கு நீயாவது இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்